விளையாட்டு அடையாளத்தை எல்லா ஊரிலும் ஒரே அளவுகோலால் அளக்கலாமா?

ஒரு விளையாட்டு வீரரிடம் ஏழு வாக்கியங்கள் அச்சடித்த தாளைக் கொடுத்து, ஒவ்வொன்றும் தனக்கு எவ்வளவு பொருந்துகிறது என்று 1 முதல் 7 வரை மதிப்பெண் போடச் சொல்கிறார்கள். என்னை நான் விளையாட்டு வீரராகத்தான் நினைக்கிறேன். விளையாட்டு சார்ந்து எனக்கு நிறைய இலக்குகள் உண்டு. என் நண்பர்களில் பெரும்பாலோர் விளையாடுகிறவர்கள். என் வாழ்க்கையில் மிக முக்கியமானது விளையாட்டு. வேறு எதைவிடவும் அதைப் பற்றித்தான் அதிகம் யோசிக்கிறேன். சரியாக விளையாடாத நாளில் என்மீதே எனக்கு வருத்தம் வருகிறது. அடிபட்டுப் போட்டியில் இறங்க முடியாமல் போனால் மனம் உடைந்துபோவேன். ஏறத்தாழ இவைதான் அந்த ஏழும். மொத்த மதிப்பெண் 7க்கும் 49க்கும் நடுவில் எங்காவது வந்து நிற்கும். பதில் எழுத ஐந்து நிமிடம்கூட ஆகாது.

விளையாட்டு உளவியலில் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக இந்தத் தாளைத்தான் அதிகம் பயன்படுத்துகிறார்கள். ஒருவர் தன்னை எந்த அளவுக்கு விளையாட்டோடு சேர்த்துப் பார்க்கிறார், அதாவது அவருடைய ‘விளையாட்டு அடையாளம்’ எவ்வளவு அழுத்தமானது என்பதை இது எண்ணாக்கிக் கொடுக்கிறது. அமெரிக்கக் கல்லூரி மாணவர்களை மனதில் வைத்து உருவான தாள், பின்னர் பல மொழிகளுக்குப் போனது. போன பிறகு எழுந்த கேள்வி எளிமையானது. இரண்டு நாடுகளில் எடுத்த சராசரிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இவர்களைவிட அவர்களுக்கு விளையாட்டுப் பற்று அதிகம் என்று சொல்லிவிடலாமா? பெரும்பாலும் சொல்ல முடியாது என்பதே என் எண்ணம். ஆனால் அதே தாள் வேறொரு வேலைக்கு மிகவும் உதவும். அந்த வேலையைத்தான் நாம் அதிகம் செய்யாமல் இருக்கிறோம்.

பிரூவர், ஜூடி வான் ரால்ட்டே, டார்வின் லிண்டர் ஆகிய மூன்று உளவியலாளர்கள் 1993இல் இந்த அளவுகோலை வெளியிட்டார்கள். அப்போது அதில் பத்து வாக்கியங்கள் இருந்தன. பிரூவரும் வான் ரால்ட்டேயும் பின்னர் நீண்டகாலம் பணியாற்றியது மாசசூசெட்ஸின் ஸ்பிரிங்ஃபீல்டு கல்லூரியில். 1891இல் ஜேம்ஸ் நைஸ்மித் கூடைப்பந்தைக் கண்டுபிடித்ததும் அங்கேதான். தங்கள் கட்டுரைத் தலைப்பிலேயே அவர்கள் ஒரு கேள்வியை வைத்திருந்தார்கள்: இந்த அடையாளம் ஹெர்குலிஸின் தசை வலிமையா, இல்லை அக்கிலிஸின் குதிகாலா? அக்கிலிஸ் எந்த ஆயுதத்துக்கும் அசையாதவன், குதிகாலில் மட்டும் அடிபட்டால் வீழ்வான் என்பது கிரேக்கக் கதை. அழுத்தமான விளையாட்டு அடையாளம் விடியற்காலையில் எழுப்பி மைதானத்துக்கு ஓடவைக்கும், வலியைத் தாங்கவைக்கும். அதே அடையாளம், முழங்காலில் ஒரு தசைநார் அறுந்த நாளில் ஆளையே கவிழ்த்தும் விடும்.

முதலில் இது ஒரே பண்பை அளக்கிறது, ஒரே எண் போதும் என்றுதான் நினைத்தார்கள். 2001இல் பிரூவரும் கொர்னீலியஸும், சேர்த்துவைத்திருந்த 2,800க்கும் மேற்பட்டோரின் விடைகளை மறுபடி ஆராய்ந்து பத்தை ஏழாகக் குறைத்தார்கள். அந்த ஏழும் மூன்று கூறுகளாகப் பிரிந்தன. முதல் மூன்று வாக்கியங்கள் சமூக அடையாளம். நடு இரண்டும் விளையாட்டைத் தவிர வேறெதற்கும் இடமில்லாத நிலை. கடைசி இரண்டும் தோற்றாலோ விளையாட முடியாமல் போனாலோ வரும் மனச்சோர்வு. 49க்கு 40 வாங்கிய இரண்டு பேர் ஒரே மாதிரி ஆட்களாக இருக்க வேண்டியதில்லை. ஒருவருக்கு நட்பு வட்டம் முழுக்க விளையாட்டில் இருக்கலாம், ஆனால் தோல்வியைத் துடைத்துப் போட்டுவிட்டுப் போவார். இன்னொருவர் தனியாள், ஒரு தோல்விக்கு ஒரு வாரம் தூங்கமாட்டார். ஆபத்து இரண்டாமவருக்குத்தான். மொத்த மதிப்பெண்ணை மட்டும் பார்ப்பவருக்கு இது தெரியவே தெரியாது.

இதையெல்லாம் ஏன் அளக்க வேண்டும் என்றால், விளையாட்டு எல்லோருக்கும் ஒருநாள் முடிந்துபோகிறது. பெரும்பாலோருக்கு மற்றவர்கள் வேலையில் காலூன்றும் வயதிலேயே முடிகிறது. 23 தங்கம் உட்பட 28 ஒலிம்பிக் பதக்கங்கள் வென்ற மைக்கேல் ஃபெல்ப்ஸ், ஒலிம்பிக் முடிந்த ஒவ்வொரு முறையும் மன அழுத்தத்தில் விழுந்ததையும், தன்னை ஒரு மனிதனாகப் பார்க்காமல் நீச்சல்காரனாக மட்டுமே பார்த்து வந்ததையும் பொதுவெளியில் பேசியிருக்கிறார். அவ்வளவு வென்றவருக்கே இந்த நிலை என்றால், மாநில அளவில் நான்காவது இடத்தோடு நின்றுபோனவர்களை யார் கேட்கப் போகிறார்கள்? விளையாட்டை விட்டு வெளியேறுவது பற்றிய 126 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த 2013ஆம் ஆண்டுத் தொகுப்பு ஒன்று உண்டு. வெளியேறிய பிறகு ஒருவர் எப்படித் தேறுகிறார் என்பதோடு தொடர்புடைய காரணிகளில் விளையாட்டு அடையாளத்துக்கு அதில் முக்கிய இடம் இருக்கிறது.

எல்லைகளைத் தாண்டிய ஆய்வுகளும் உண்டு. நான் அடிக்கடி திரும்பிப் போவது 2004இல் வந்த ஒன்றுக்கு. ஜெர்மனியின் டொரோத்தே ஆல்ஃபர்மான், ரஷ்யாவிலிருந்து ஸ்வீடனுக்குப் பணியாற்றப் போன நடாலியா ஸ்டாம்புலோவா, லித்துவேனியாவின் ஜெமாய்டீட்டே ஆகிய மூவரும் ஜெர்மனி, ரஷ்யா, லித்துவேனியா ஆகிய மூன்று நாடுகளிலும் ஓய்வுபெற்ற வீரர்களை ஒப்பிட்டார்கள். ஓய்வை முன்கூட்டியே திட்டமிட்டவர்கள் எளிதாகத் தேறினார்கள். விளையாட்டு அடையாளம் அழுத்தமாக இருந்தவர்களுக்கு ஓய்வு கசந்தது. இந்த இரண்டோடு, எந்த நாட்டில் ஓய்வுபெறுகிறோம் என்பதும் அனுபவத்தை மாற்றியது. சோவியத் முறையில் வளர்ந்த வீரருக்கு அரசும் விளையாட்டுச் சங்கமும் எல்லாம் பார்த்துக்கொண்டன. 1991க்குப் பிறகு அந்தத் தாங்கல் சரிந்தது. அந்தக் காலத்தில் ஓய்வுபெற்ற ஒருவர் விளையாட்டை மட்டும் இழக்கவில்லை, தன்னைத் தாங்கிய ஒரு அமைப்பையே இழந்தார். தாளில் அவர் போட்ட 6 அல்லது 7க்குள் இதெல்லாம் ஒளிந்திருக்கிறது.

ஒரே எண், வேறு வேறு பொருள்

அந்தக் காலத்தில் படி ஊருக்கு ஊர் மாறும். பட்டணம் படியால் அளந்த நெல்லையும் உள்ளூர்ப் படியால் அளந்த நெல்லையும் ‘பத்துப் படி, பத்துப் படி’ என்று சமமாக வைக்க முடியாது. பண்பாடு தாண்டி அளக்கும்போது வரும் சிக்கலும் இதுதான். புள்ளியியலாளர்கள் இதை மூன்று படிநிலைகளில் சோதிக்கிறார்கள். முதலில், இரண்டு நாடுகளிலும் வாக்கியங்கள் ஒரே மாதிரிதான் கூறுகளாகச் சேர்கின்றனவா என்று பார்ப்பார்கள். அங்கே மூன்று கூறு, இங்கே இரண்டு கூறு என்றால் கதை அங்கேயே முடிந்தது. அடுத்து, ஒவ்வொரு வாக்கியமும் தன் கூறோடு ஒரே அளவு பிணைந்திருக்கிறதா என்பது. மூன்றாவது நிலைதான் கடினம்: உள்ளுக்குள் ஒரே அளவு அடையாளம் கொண்ட இருவர், எந்த நாட்டில் இருந்தாலும், ஒரு வாக்கியத்துக்கு ஒரே மதிப்பெண் போட வேண்டும். இந்த மூன்றாவது நிலையைத் தாண்டாமல் சராசரிகளை ஒப்பிட்டால் அதற்கு அர்த்தமே இல்லை.

1999இல் ஹேல், ஜேம்ஸ், ஸ்டாம்புலோவா மூவரும் வெவ்வேறு நாட்டு வீரர்களின் விடைகளைக் கொண்டு இந்த அளவுகோலுக்கு எத்தனை கூறுகள் என்று தேடினார்கள். 2008இல் விசெக் குழுவினர் ஹாங்காங் வீரர்களையும் அமெரிக்க வீரர்களையும் எடுத்துக்கொண்டு இதே சோதனையை நடத்தினார்கள். பாராட்ட வேண்டிய உழைப்பு. ஆனால் இந்த மாதிரிச் சோதனை எதையும் செய்யாமல் மொழிபெயர்த்து, விடை வாங்கி, ‘அந்த நாட்டில் அதிகம், இந்த நாட்டில் குறைவு’ என்று முடிப்பது எளிது. அப்படி வரும் வரிகளை நம்பாமல் படிப்பது நல்லது.

மூன்றாவது நிலை எங்கே சறுக்கும் என்பதற்கு ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம். ‘என் நண்பர்களில் பெரும்பாலோர் விளையாடுகிறவர்கள்.’ ஸ்வீடனிலும் ஜெர்மனியிலும் பிள்ளைகள் பெரும்பாலும் உள்ளூர் கிளப்பில்தான் விளையாடுகிறார்கள். காலையில் பள்ளி நண்பர்கள், மாலையில் கிளப் நண்பர்கள், நடுவில் தெருவில் உள்ளவர்கள். அங்கே ஒருவர் இந்த வாக்கியத்துக்கு 7 போட்டால், கிடைக்கிற பலரிலிருந்து விளையாட்டு நண்பர்களை அவராகத் தேர்ந்திருக்கிறார் என்று அர்த்தம். சீனாவின் அரசு விளையாட்டுப் பள்ளிகளுக்கு வாருங்கள். அல்லது நம் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விளையாட்டு விடுதிக்கு வாருங்கள். பக்கத்துக் கட்டிலில் படுப்பவர் விளையாடுகிறவர், மெஸ்ஸில் எதிரே சாப்பிடுபவர் விளையாடுகிறவர், பள்ளிக்குச் சேர்ந்து போகிறவரும் விளையாடுகிறவர். அந்தப் பிள்ளை 7 போடாமல் வேறென்ன போடும்? இங்கே அந்த வாக்கியம் அவர் எங்கே வசிக்கிறார் என்பதைத்தான் அளக்கிறது. அடையாளத்தை அளப்பது இரண்டாம் பட்சம்.

சுற்றிலும் யார் இருக்கிறார்கள் என்பது இன்னொரு விதமாகவும் வேலை செய்யும். தன்னைப் பற்றிக் கேட்டால் மனிதர்கள் பக்கத்தில் இருப்பவர்களை வைத்துத்தான் பதில் சொல்வார்கள். ஸ்டீவன் ஹைனும் சகாக்களும் 2002இல் இதைத் தெளிவாக எழுதினார்கள்: ஒவ்வொரு பண்பாட்டினரும் தங்கள் ஊர்க்காரர்களோடு தங்களை ஒப்பிட்டு விடை சொல்வதால், நாடுகளுக்கு நடுவே உண்மையிலேயே இருக்கும் வித்தியாசம்கூட எண்ணில் தெரியாமல் போகலாம். கென்யாவின் இட்டேன் என்ற மலையூரை நினைத்துப் பாருங்கள். கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,400 மீட்டர் உயரம். விடிவதற்குள் செம்மண் சாலையில் கூட்டம் கூட்டமாக ஓடுவார்கள். உலக வெற்றியாளர்கள் பலர் அங்கே பயிற்சி எடுத்தவர்கள். அங்கே ஒரு இருபது வயது ஓட்டக்காரர் ‘வேறு எதைவிடவும் விளையாட்டைப் பற்றித்தான் அதிகம் யோசிக்கிறேன்’ என்ற வாக்கியத்துக்கு 4 போடக்கூடும். மற்றவர்களைவிடத் தான் ஒன்றும் அதிகம் யோசிக்கவில்லை என்று அவருக்குத் தோன்றும். வாரத்தில் மூன்று நாள் பயிற்சிக்குப் போகும் வேறு ஊர் மாணவர், வகுப்பிலேயே தான் ஒருவர்தான் ஓட்டக்காரர் என்பதால், 7 போடுவார். எண்ணை மட்டும் பார்த்தால் இட்டேன்காரருக்கு ஓட்டத்தில் பிடிப்புக் குறைவு என்று ஆகிவிடும். இதைவிட அபத்தமான முடிவு வேறு இருக்க முடியாது.

மதிப்பெண் போடும் பழக்கமும் இடத்துக்கு இடம் வேறு. 1995இல் சுவான்ஷெங் சென், ஷின்-யிங் லீ, ஹெரால்டு ஸ்டீவன்சன் மூவரும் பள்ளி மாணவர்களிடம் நடத்திய ஒப்பீட்டில், ஜப்பான், தைவான் மாணவர்கள் நடு எண்களை அதிகம் தேர்ந்தார்கள். அமெரிக்க மாணவர்கள் ஓரங்களுக்கு அதிகம் போனார்கள். 4 என்பது ஒருவருக்கு ‘கருத்தில்லை’, இன்னொருவருக்கு அடக்கமான ‘ஆமாம்’. நம் ஊரில் இதோடு இன்னொன்றும் சேரும். தாளைக் கொண்டுவந்து கொடுப்பவர் கோச்சாக இருந்தால், அடுத்த வாரம் டீம் செலக்‌ஷன் இருந்தால், எந்தப் பிள்ளையாவது ‘விளையாட்டு அவ்வளவு முக்கியமில்லை’ என்று எழுதுமா? சார் என்ன எதிர்பார்க்கிறார் என்று தெரிந்தே எழுதும். இதைப் பொய் என்று சொல்லக்கூடாது. அந்த இடத்தில் கேட்கப்பட்ட கேள்விக்கு அதுதான் விவேகமான பதில்.

மொழிபெயர்ப்பிலும் கவனம் வேண்டும். முதல் வாக்கியத்தில் உள்ள ‘அத்லெட்’ அமெரிக்காவில் எல்லா விளையாட்டுக்காரரையும் குறிக்கும். பிரிட்டனிலும் நம் பக்கத்திலும் அத்லெட் என்றால் ஓட்டம், தாண்டுதல், எறிதல் செய்பவர்தான். கபடிக்காரரிடம் அப்படியே கேட்டால் ‘நான் அத்லெட் இல்லையே சார்’ என்பார். ரிச்சர்டு பிரிஸ்லின் 1970இல் முன்வைத்த முறையில், மொழிபெயர்த்ததை இன்னொருவர் மூலத்தைப் பார்க்காமல் திருப்பி மொழிபெயர்த்து ஒப்பிட வேண்டும். இந்த மாதிரிச் சறுக்கல்களை அது பிடித்துவிடும். விடுதிக் கட்டில் சிக்கலை அது பிடிக்காது.

எந்த நாளில் கேட்கிறோம் என்பதும் எண்ணை அசைக்கும். இந்த அளவுகோல் இரண்டு வார இடைவெளியில் மீண்டும் கேட்டால் ஏறத்தாழ அதே மதிப்பெண் தரும் என்று 1993இலேயே காட்டியிருந்தார்கள் (ஒத்திசைவு 0.89; 1 என்றால் முழுப் பொருத்தம்). ஆனால் அந்த இரண்டு வாரத்துக்குள் ஏதாவது நடந்துவிட்டால் நிலைமை வேறு. சீசன் மோசமாகப் போனவர்களின் மதிப்பெண் சரிவதை பிரூவர் குழு 1999இல் கண்டது. 2004இல் குரோவ், ஃபிஷ், எக்லண்ட் மூவரும் அணித் தேர்வுக்கு முன்னும் பின்னும் அளந்தபோது, தேர்வாகாத பெண்களின் விளையாட்டு அடையாளம் குறைந்திருந்தது. தோல்வி வலிக்காமல் இருக்க மனம் ஒரு அடி பின்வாங்கிக்கொள்கிறது. அப்படியென்றால் ஒரு நாட்டில் தேசியப் போட்டிக்கு முதல் வாரமும், இன்னொரு நாட்டில் சீசன் முடிந்து ஊருக்குப் போன பிறகும் தாளைக் கொடுத்தால், நாடுகளின் வித்தியாசமாகத் தெரிவது வெறும் நாட்காட்டியின் வித்தியாசமாக இருக்கலாம்.

வேலையும் சம்பளமும் பேசாத தாள்

இத்தனையும் அளவுகோலின் நுட்பக் குறைகள். எனக்கு இதைவிடப் பெரிதாகப் படுவது, அந்த ஏழு வாக்கியங்களில் எதிலுமே பிழைப்பு இல்லை என்பது. இந்த அளவுகோல் உருவான இடத்தைப் பார்த்தால் இதற்குக் காரணம் புரியும். அமெரிக்கக் கல்லூரி விளையாட்டில் ஏறத்தாழ 5 லட்சம் மாணவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் 2 சதவீதத்துக்கும் குறைவானவர்களே தொழில்முறை விளையாட்டுக்குப் போகிறார்கள். மற்றவர்களுக்குக் கல்லூரி முடியும்போது விளையாட்டும் முடிகிறது, கையில் பட்டம் இருக்கிறது. அதனால் அங்கே முக்கியமான கேள்வி, இத்தனை நாள் வீரராக இருந்தவர் நாளை யாராக இருக்கப் போகிறார் என்பதுதான். அது உளவியல் கேள்வி.

இந்தியாவில் அதே கேள்விக்கு முன்னால் இன்னொரு கேள்வி வரிசையில் நிற்கிறது: ‘வேலை கிடைக்குமா?’ ரயில்வே, ராணுவம், காவல்துறை, பொதுத்துறை நிறுவனங்கள் என்று விளையாட்டு வழியாக வேலைக்குப் போகும் பாதை இங்கே பல தலைமுறைகளாக இருக்கிறது. பி.டி. உஷா தெற்கு ரயில்வேயில் இருந்தார். மகேந்திர சிங் தோனி கரக்பூரில் டிக்கெட் பரிசோதகராக இருந்தார். இப்போதும் ஒரு பிள்ளை மாநில அணியில் இடம் பிடித்ததும் வீட்டில் முதலில் விசாரிப்பது சர்டிபிகேட்டைப் பற்றித்தான். ஃபார்ம் 1 என்றால் நாட்டுக்காக ஆடியது, ஃபார்ம் 2 மாநிலத்துக்காகத் தேசியப் போட்டியில் ஆடியது, ஃபார்ம் 3 பல்கலைக்கழக அளவு. ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் கல்லூரி சீட்டுக்கோ அரசு வேலைக்கோ விண்ணப்பிக்கும் வீட்டில் இந்த எண்கள் எல்லோருக்கும் அத்துப்படி. மதிப்பெண் தாளைப்போல அவற்றை லேமினேட் செய்து பீரோவில் பூட்டிவைப்பார்கள்.

இப்படி ஒரு வீட்டிலிருந்து வரும் பத்தொன்பது வயது வாலிபால் வீராங்கனை ‘என் வாழ்க்கையில் மிக முக்கியமானது விளையாட்டு’ என்பதற்கு 7 போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அளவுகோலின்படி இவருக்கு வேறெதற்கும் மனதில் இடமில்லை, ஓய்வு வரும்போது ஆபத்து. ஆனால் அவர் சொன்னது வேறாக இருக்கலாம். என் வீட்டில் முதல் மாதச் சம்பளம் வருவதற்கு இதுதான் வழி, என் கல்யாணம் இரண்டு வருடம் தள்ளிப்போக இதுதான் காரணம், நான் தனியாக வெளியூர் போக வீட்டில் சம்மதிப்பதும் இதற்காக மட்டும்தான். மூன்றுமே உண்மை. மூன்றும் ஒரு 7க்குள் மடிந்து கிடக்கின்றன. அவருக்கு வேலை கிடைத்துவிட்டால், விளையாட்டை நிறுத்திய பிறகும் அந்த அலுவலகத்திலேயே பணி தொடரும். சோறும் மரியாதையும் மிஞ்சும். கிடைக்காமல் முழங்கால் போய்விட்டால் ஒரே நாளில் மூன்றும் போகும். ஒரே மதிப்பெண், ஒரே பெண், இரண்டு வேறு விதி. வேலை கிடைத்ததா என்று கேட்காத தாளால் இந்த இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியாது. இது ஆய்வு முடிவு இல்லை, என் கணிப்பு. யாராவது முறையாகச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

இதே இடத்தில் உளவியலின் ஒரு பழைய கருத்தையும் கொஞ்சம் உரசிப் பார்க்க வேண்டும். எரிக் எரிக்சன் வழிவந்த ஜேம்ஸ் மார்சியா 1966இல் இளைஞர்களின் அடையாள நிலைகளை வகுத்தார். வேறு வாய்ப்புகளைத் தேடிப் பார்க்காமலே சீக்கிரத்தில் ஒரு அடையாளத்தில் உறைந்துபோவது அவற்றில் ஒன்று. விளையாட்டு உளவியலாளர்கள் அதை எடுத்துக்கொண்டு, பன்னிரண்டு வயதிலேயே ‘நான் டென்னிஸ்காரன்’ என்று முடிவு கட்டிவிடும் பிள்ளைகளைப் பற்றி எச்சரித்தார்கள். நியாயமான எச்சரிக்கை. ஆனால் அது ஒரு பிள்ளைக்குத் தேடிப் பார்க்கப் பல கதவுகள் திறந்திருக்கின்றன என்று வைத்துக்கொண்டு பேசுகிறது. ஒரே ஒரு கதவு திறந்திருக்கும் வீட்டிலிருந்து வந்த பிள்ளை அதற்குள் நுழைந்ததைக் குறைபாடு என்று எப்படிச் சொல்வது? அங்கே உறைந்திருப்பது அந்தப் பிள்ளையின் மனமா, அதன் சூழலா என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

தன்னைப் பற்றிய எண்ணமே எல்லா இடத்திலும் ஒரே மாதிரி அமைவதில்லை என்பதும் உண்மை. ஹேசல் மார்கஸும் ஷினோபு கிதயாமாவும் 1991இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில், தன்னைத் தனியாளாக உணரும் வழக்கத்தையும், உறவுகளோடு பின்னிய ஆளாக உணரும் வழக்கத்தையும் பிரித்துக் காட்டினார்கள். இதை வைத்து ‘கிழக்கு, மேற்கு’ என்று ஒரே வெட்டாக வெட்டுவது எனக்கு உடன்பாடில்லை. ஆனால் அளவுகோலின் ஏழு வாக்கியங்களும் ‘நான்’, ‘என்’ என்றே பேசுகின்றன என்பதைக் கவனிக்காமல் இருக்க முடியவில்லை. ‘நான் தோற்றால் அப்பா முகத்தைப் பார்க்க முடியாது’, ‘எங்க ஊர் டீம் பேரைக் காப்பாத்தணும்’ என்பவை நம் மைதானங்களில் சர்வசாதாரணமாகக் காதில் விழும் பேச்சுகள். அவற்றுக்கு அந்தத் தாளில் வரி இல்லை. கனடாவின் ஒன்டாரியோவில் உள்ள விக்வெமிகாங் பூர்வகுடி மக்களோடு வேலை செய்த ராபர்ட் ஷிங்கி போன்றவர்கள் இதை உணர்ந்து, அந்த மக்களின் வழக்கப்படி வட்டமாக உட்கார்ந்து பேசும் முறைக்கு மாறினார்கள். விளையாட்டுக்காகத் தன் மக்களை விட்டு நகரத்துக்குப் போகும் இளைஞரின் வலியை 1 முதல் 7 வரையிலான கட்டங்கள் பிடித்துக்கொள்ளாது.

உடல் ஊனமுற்ற வீரர்களிடம் செய்த ஆய்வுகளும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியவை. 1990களில் ஜெஃப்ரி மார்ட்டினும் சகாக்களும் மாற்றுத்திறனாளி நீச்சல் வீரர்களிடம் இந்த அளவுகோலைப் பயன்படுத்தியபோது, தன்னைத் தான் வீரராக நினைப்பதும் மற்றவர்கள் தன்னை வீரராகப் பார்ப்பதும் தனித்தனிக் கூறுகளாக நிற்பதைக் கண்டார்கள். ஒருவர் எவ்வளவு உழைத்தாலும் பார்ப்பவர் கண்ணுக்கு முதலில் ஊனம்தான் தெரிகிறது என்றால் அப்படித்தானே ஆகும். நம் ஊரில் பெண் பிள்ளைகளுக்கும் இந்த இடைவெளி உண்டு என்று நினைக்கிறேன். ஷார்ட்ஸ் போட்டுக்கொண்டு தெருவைக் கடந்து மைதானத்துக்குப் போவதற்கே ஒரு சண்டை போட வேண்டியிருக்கும் ஊரில், ‘நான் விளையாட்டு வீராங்கனை’ என்பதற்கு ஒரு பெண் போடும் 5க்கு, பையன் போடும் 7ஐவிட அதிக எடை இருக்கலாம்.

அப்படியானால் தாளைத் தூக்கிப் போட்டுவிடலாமா? கூடாது. நாடுகளைத் தரவரிசைப்படுத்த இது உதவாது, அவ்வளவுதான். ஒரே ஆளிடம், ஒரே மொழியில், ஆண்டுக்கு ஆண்டு கேட்டால் மேலே சொன்ன சிக்கல்களில் பாதி தானாகவே விலகிவிடும். ஏனெனில் அவர் தன்னோடுதான் ஒப்பிடப்படுகிறார். பதினான்கு வயதில் வந்தவருக்கு நட்பு வட்டம் மட்டும் உயர்ந்து, மனச்சோர்வுக் கூறு தாழ்ந்தே இருந்தால் கவலை இல்லை. மூன்று ஆண்டுகளில் கடைசி இரண்டு வாக்கியங்கள் 3லிருந்து 7க்கு ஏறியிருந்தால் யாராவது அவரோடு உட்கார்ந்து பேச வேண்டும்.

நாடுகளுக்கு நடுவே ஒப்பிட்டே ஆக வேண்டும் என்றாலும் வழி இல்லாமல் இல்லை. கேரி கிங்கும் சகாக்களும் 2004இல் அரசியல் ஆய்வுகளுக்காக வளர்த்த ஒரு உத்தி இங்கே நன்றாகப் பொருந்தும். முதலில் ஒரு கற்பனை ஆளைப் பற்றி நாலு வரி கொடுத்து, அவருக்கு மதிப்பெண் போடச் சொல்ல வேண்டும். ‘தினமும் இரண்டு வேளை பயிற்சிக்குப் போகும் கபடி வீராங்கனை ஒருவர், வாரத்துக்கு ஒருமுறை பள்ளித் தோழிகளோடு சினிமாவுக்கும் போவார், தோற்றால் அன்று இரவு சாப்பிடமாட்டார், மறுநாள் சரியாகிவிடுவார்.’ இவருக்கு இட்டேனில் 3, மதுரையில் 6 விழுந்தால், அந்தந்த ஊர்ப் படியின் அளவு நமக்குத் தெரிந்துவிடும். அப்புறம் அவரவர் தமக்குப் போட்ட மதிப்பெண்ணை அதைக் கொண்டு திருத்திக்கொள்ளலாம்.

தமிழில் இதைச் செய்பவர்களுக்கு என் யோசனைகள் இவை. தாளைக் கொடுப்பவர் கோச்சாகவோ வார்டனாகவோ இருக்கக்கூடாது, விடையும் அவர்கள் கைக்குப் போகக்கூடாது. முதல் இருபது பேரிடமாவது, ‘இந்த வரியைப் படித்ததும் என்ன நினைத்து இந்த எண்ணைப் போட்டீர்கள்?’ என்று வாயால் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். ஏழு வாக்கியங்களுக்குப் பிறகு இன்னும் சிலவற்றைச் சேர்க்க வேண்டும்: விளையாட்டு வழியாக வேலையோ சீட்டோ எதிர்பார்க்கிறீர்களா, அது கிடைத்துவிட்டதா, வீட்டில் யாருக்கு நீங்கள் விளையாடுவது பிடிக்கவில்லை, நாளையே நிறுத்தினால் எங்கே தங்குவீர்கள்? கடைசிக் கேள்வி விடுதிப் பிள்ளைகளுக்கு மிகவும் முக்கியம். விடுதிக்கு விளையாட்டின் பேரில்தான் வந்தார்கள், விளையாட்டு நின்றால் கட்டிலையும் காலி செய்ய வேண்டும். எல்லாவற்றையும் சேர்த்து இரண்டு பக்கத்துக்கு மேல் போகாது. பிளஸ் டூ தேர்வுக்கு முந்தைய ஆண்டு ஒருமுறை, விடுதியைவிட்டுப் போன ஆறாவது மாதம் ஒருமுறை கேட்டாலே, யார் தடுமாறுகிறார்கள் என்பது அவர்கள் தொலைந்துபோவதற்கு முன்பே தெரிந்துவிடும்.